காரம் கொஞ்சம் தூக்கல்

அத்தியாயம் 9

"ஆசிட் இல்லை, காரம். அதைத் திருத்துங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

டீச்சர் இதையே மறுபடி மறுபடி சொன்னதில் இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய்விட்டது. பேனாவை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூடி கழன்று உருண்டு போய் வாசலில் நின்றிருந்த விசிலின் செருப்பில் முட்டி நின்றது.

"காரமா? மிளகாய்த்தூளைக் கரைச்சா ஊத்தின? மிளகாய்க்கு ஒரு மனுஷன் தொண்டை இப்படி வேகுமாம்மா?"

"சாப்பிடற காரம் இல்ல சார். வேதியியல்ல காரம்னா அமிலத்துக்கு எதிரி. தொட்டா சோப்பு மாதிரி வழுக்கும். அடைச்ச குழாய்ல கொட்டற பொடி இருக்கே, அந்த ஜாதி. எரிக்கிற தண்ணி எதுவா இருந்தாலும் நீங்க எல்லாரும் ஆசிட்னுடறீங்க. நான் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட முடியாது."

விசில் குனிந்து மூடியை எடுத்தான். பழைய பேருந்து நடத்துநர். வாயை அடக்கத் தெரியாமல் அந்த வேலையை விட்டவன். இப்போது காற்புள்ளி அக்காவிடம் உதவியாளன். இங்கேயும் வாய் அடங்கவில்லை, ஆனால் அக்கா அதைச் சகித்துக்கொண்டாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். மற்றவர்கள் விறுவிறுவென்று படித்துக் கடந்து போகிற இடத்தில் இவள் நின்றுவிடுவாள். அதனால் வந்த பெயர் காற்புள்ளி.

விஷயம் இதுதான். இந்த டியூஷன் மையத்தை நடத்துகிற பெரியவர் காலையில் வழக்கம்போல ஃபிளாஸ்கிலிருந்து பால் இல்லாத டீயை ஊற்றி ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். உயிர் இருக்கிறது, குரல் இல்லை. அவர் மேசைக்கடியில் ஒரு காலி ஆசிட் பாட்டில் கிடந்தது. அது டீச்சரின் ஆய்வக அலமாரியில் இருந்த பாட்டில். டீச்சர் என்றால் இங்கே வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். பெண் போலீஸ் வந்ததும் அவளை அழைத்துப் போக ஜீப் கீழே தயாராக நின்றது.

போலீஸ் வருவதற்கு முன் டீச்சர் அக்காவுக்கு போன் செய்திருந்தாள். அவள் எழுதிய பாடப் புத்தகத்துக்கு ஒரு காலத்தில் மெய்ப்புப் பார்த்தவள் அக்கா. அந்தப் பழக்கம்தான்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்க பேனா மூடியைக் கொடுக்க வந்தவங்க சார்," என்றான் விசில்.

அக்கா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "சார், இவங்கதான் செஞ்சாங்கன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?"

"பாட்டில் இவங்களுது. அதை விடுங்க, அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. ஆம்புலன்ஸ் போன கையோட இவங்களே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணியிருக்காங்க. உள்ளே போனது ஆசிட் இல்ல, காரம், அதுக்குத் தகுந்த மாதிரி பாருங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. கலந்தவளைத் தவிர யாருக்கும்மா அது தெரியும்? நாங்களே இன்னும் பரிசோதனைக்கு அனுப்பலை."

விசிலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேருந்தில் ஏறி முதல் நிறுத்தத்திலேயே டயர் வெடித்த கதை.

டீச்சர் எழுந்து நின்றாள். ஒல்லியான உருவம், புடவை முந்தானையில் சாக்பீஸ் தூள். குரல் மட்டும் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல்.

"ஆமா, போன் பண்ணினேன். தட்டுல சிந்தியிருந்த டீயைப் பார்த்தேன், தெரிஞ்சது. தெரிஞ்சதைச் சொன்னேன். அங்கே ஆசிட், ஆசிட்னு எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தாங்க. டாக்டருக்கும் அதையேதான் சொல்லியிருப்பாங்க. தப்பான பேரைச் சொல்லி அனுப்பினா அவருக்கு என்ன ஆகும்? என்னைச் சந்தேகப்படுவாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். நாளைக்கு மறுபடி இப்படி நடந்தாலும் போன் பண்ணுவேன். வேணும்னா அதையும் சேர்த்து எழுதிக்கங்க."

காலில் விழுந்து அழுதிருந்தால் இன்ஸ்பெக்டருக்கு வசதியாக இருந்திருக்கும். இப்படி நிமிர்ந்து நிற்கிற ஆளை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

"பெண் போலீஸ் வர்ற வரைக்கும் எங்களுக்கு நேரம் கொடுங்க," என்றாள் அக்கா. "இந்தக் கட்டடத்துக்குள்ளதான் சுத்துவோம். எதையும் எடுக்க மாட்டோம்."

"கொடுக்கலைன்னா?"

"கொடுக்கலைன்னாலும் சுத்துவோம் சார். கேட்டது மரியாதைக்கு."

*

பெரியவர் அறை அதற்கு அடுத்து இருந்தது. ஃபிளாஸ்கையும் பாட்டிலையும் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. வெள்ளை மேசைமேல் ஒரு கோப்பைத் தட்டு மட்டும், அதில் கொஞ்சம் டீ. டீச்சரும் ஒரு கான்ஸ்டபிளும் வாசலில் நின்றார்கள்.

"நிறத்தைப் பாருங்க," என்றாள் டீச்சர். "டீயில எலுமிச்சை பிழிஞ்சா என்ன ஆகும்?"

"வெளுத்துப் போகும்," என்றான் விசில்.

"அது அமிலத்தோட வேலை. ஆசிட் கலந்திருந்தா இதுவும் வெளுத்திருக்கும். காரம் கலந்தா டீ இதோ, இப்படிக் கறுத்துடும். சேர்ற பொருளைப் பொறுத்து நிறம் மாறிக் காட்டிக்கொடுக்குதுல்ல, இதுக்குப் பேரு நிறங்காட்டி."

"எங்க வீட்ல நான் லேட்டா போனா என் சம்சாரம் முகம் மாறுமே, அதுவும் நிறங்காட்டிதானா டீச்சர்?" என்றபடி விசில் தட்டில் விரலை வைத்துவிட்டான். "ஐயோ, வழவழங்குதே!"

"கையைக் கழுவுங்க! முதல்ல ஓடுங்க!"

அவன் ஓடினான். பக்கத்தில் தண்ணீர் இருந்த ஒரே இடம் மேனேஜர் அறைக் குளியலறைதான். மேனேஜர் என்பவர் பெரியவரின் மனைவிக்குத் தம்பி. காலையில் ஆம்புலன்ஸோடு போனவர், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். குழாயைத் திறந்து கை தேயும்வரை கழுவிவிட்டு விசில் திரும்பி வந்தான்.

"கை இருக்கா?" என்றாள் அக்கா.

"ரெண்டும் இருக்கு. அந்த மேனேஜர் பெரிய சிக்கனக்காரர் போலிருக்குக்கா. குளியலறையில அலுமினியக் குவளை ஒண்ணு வச்சிருக்கார், உள்ளே பாதி வரைக்கும் கறுப்பா இருக்கு. அங்கேயே அடுப்பு மூட்டி டீ போடுவாரோ என்னமோ."

அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத இடங்களைத்தான் கவனிக்க வேண்டும் என்று விசிலுக்கு நன்றாகவே தெரியும். பசி வேளையில் அது மறந்துவிடும்.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்றாள் அக்கா. "ஆசிட் பாட்டில் கையில இருக்கு. அதையே டீயில ஊத்தாம எதுக்குக் காரத்தை ஊத்தணும்?"

"ஆசிட் பாட்டிலைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும். பெரியவர் மோந்து பார்த்துட்டு டீயைக் கீழே கொட்டியிருப்பார். காரத்துக்கு வாசனை கிடையாது."

"அப்போ செஞ்ச ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. காரத்தை டீயில கலந்துட்டு, உங்க பாட்டிலை எங்கேயோ கவிழ்த்துக் காலி பண்ணி இங்கே போட்டிருக்கான். இந்த மையத்துல வேதியியல் தெரிஞ்சவங்க வேற யாரு?"

டீச்சர் முகம் முதல்முறையாக வாடியது. "யாருமே இல்லைங்க. நான் மட்டும்தான். அதனாலதானே இன்ஸ்பெக்டர் இப்படிக் குதிக்கிறார்."

*

டீச்சர் வகுப்பறைச் சுவர் முழுக்க வண்ண அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேதியியல் சொல், அடியில் அதன் பொருள். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் படித்தாள். விசில் சத்தமாகப் படித்தான்.

"வாலை வடித்தல். எந்த மிருகத்தோட வாலைக்கா?"

"வாலைன்னா காய்ச்சி வடிக்கிற பாத்திரம்டா. கொதிக்க வச்சு ஆவியைப் பிடிச்சுத் திரும்பத் தண்ணியாக்கறது."

"தனி ஆல்கஹால். இது எனக்குத் தெரியும், கூட்டாளி இல்லாம குடிக்கிறது."

"தண்ணி கலக்காதது."

"ரெண்டும் ஒண்ணுதானே. மந்த வாயு... இது எங்க சித்தப்பாவுக்கு இருக்கு. ராத்திரி கிழங்கு சாப்பிட்டா போதும்."

"எதோடயும் லேசுல சேராத வாயு."

"சித்தப்பாவும் அப்படித்தான், யாரும் பக்கத்துல போக மாட்டாங்க. வினையூக்கி, வினையை வேகப்படுத்தும், தான் மாறாது. அடேங்கப்பா, என் மாமியார்! சண்டையைக் கிளப்பிவிட்டுட்டு தான் மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்."

அக்கா சட்டென்று நின்றாள். காற்புள்ளி விழுந்துவிட்டது.

"விசில், நீ இப்ப என்ன பண்ணினே?"

"மாமியாரைத் திட்டினேன். வெளியே சொல்லிடாதீங்க."

"ஒவ்வொரு சொல்லையும் உனக்குத் தெரிஞ்ச அர்த்தத்துல படிச்சே. வாயுன்னா உனக்கு வயிறு, டீச்சருக்குப் பாடம். இன்ஸ்பெக்டருக்குக் காரம்னதும் மிளகாய்தான் ஞாபகம் வந்துச்சு." அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். "வா, கீழே போகலாம். நான் பேசறேன், நீ வாயைத் திறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மூக்கால விடு."

வரவேற்பு மேசையில் இருந்த பெண் அழுது கண் வீங்கியிருந்தாள். அக்கா அவள் அருகில் போய், ஏதோ வம்பு பேச வந்தவள்போல் குரலைத் தாழ்த்தினாள். "ஏம்மா, அந்த டீயில காரம் ஜாஸ்தியாமே?"

"காரமா?" அந்தப் பெண் விழித்தாள். "இஞ்சி டீயா போட்டாங்க? அவருக்கு இஞ்சியே ஆகாதே."

காவலாளிதான் தினமும் டீ போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வரவேற்பு மேசையில் வைப்பவர். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதே கேள்விக்கு அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எவம்மா சொன்னது? டீயில போய் எவனாவது மிளகாயைப் போடுவானா? என் கையால இத்தனை நாள் குடிச்சிருக்கார், ஒரு நாள் குறை சொன்னதில்லை!"

அக்கா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். விசில் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. மேனேஜர் இறங்கினார். கசங்காத சட்டை, கசங்கிய முகம். அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் கைகூப்பினார்.

"உங்க மாமா எப்படி இருக்கார்ணே?"

"உயிருக்கு ஆபத்தில்லைங்கறாங்கம்மா. பேசத்தான் முடியல. வாங்க, மேலே போய்ப் பேசலாம்." படியேறிக்கொண்டே அவர் புலம்பினார். "அந்தப் பொம்பளையைத் தலையில தூக்கி வச்சு ஆடினார் மாமா. அடுத்த மாசத்துல இருந்து மையமே அவ பொறுப்புன்னு சொல்லிட்டிருந்தார். அதுக்குள்ள என்ன கோபமோ. எனக்கு இந்த வேதியியல் எல்லாம் ஒரு எழுத்து தெரியாதும்மா. நான் நிர்வாகம் பார்க்கிறவன். வாலை வடிக்கிறாங்களோ தலையை வடிக்கிறாங்களோ, அந்தப் பக்கமே போறதில்லை."

மாடியில் இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பெண் போலீஸும் வந்துவிட்டார். டீச்சர் பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று விசில் அக்காவின் முழங்கையை இடித்தான். அக்காவோ அவசரமே இல்லாதவள்போல், மேனேஜரிடம் அனுதாபமாக உச்சுக் கொட்டினாள்.

"என்ன அநியாயம் பாருங்கண்ணே. ஒரு வாய் டீ. அதுல அவ்வளவு காரமாமே!"

"பின்னே? ஆசிட்டை எடுத்தவ அதை எடுக்க மாட்டாளா?" என்றார் மேனேஜர். "காரமும் அவ அலமாரியிலதானே இருக்கு, அடுத்த தட்டுல. நல்லா சோதனை போடச் சொல்லுங்க சார்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பாதி ஆட்டத்தில் தலை நின்றது.

அக்கா புன்னகை செய்தாள். "நீங்க மிளகாய்னு சொல்லவே இல்லையேண்ணே."

"என்னது?"

"காலையில இருந்து இந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் கேட்டாங்க. இந்த சார் மிளகாய்த்தூளான்னார். உங்க வரவேற்பு மேசைப் பொண்ணு இஞ்சின்னு சொல்லுச்சு. காவலாளி என்னை அடிக்காத குறை. வேதியியல் ஒரு எழுத்து தெரியாத யாருக்கும் காரம்னா நாக்குல உறைக்கிறதுதான். நீங்க மட்டும் நேரா ஆய்வக அலமாரிக்குப் போயிட்டீங்க. அதுவும் அடுத்த தட்டுக்கே."

மேனேஜர் முகம் வெளுத்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்கம்மா. காதுல விழுந்தது."

"நான் போன் பண்ணினப்போ எடுத்தது அவசரப் பிரிவு டாக்டர்," என்றாள் டீச்சர். "அவர்கிட்ட தமிழ்ல பேசலை. காரம்ங்கற வார்த்தையை அந்த போன்ல நான் சொல்லவே இல்லை. இந்த அறைக்குள்ளதான் சொன்னேன், இன்ஸ்பெக்டர்கிட்ட. அப்போ நீங்க இங்கே இல்லை."

"ஒரு வார்த்தையை வச்சு என்னைப் பிடிப்பீங்களா? நல்லா இருக்கே நியாயம்! படிச்சவங்களோட பழகறவன் நான், நாலு வார்த்தை தெரியக் கூடாதா?"

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். வெறும் வார்த்தையை விலங்கு போட்டுக் கூட்டிப் போக முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. மேனேஜருக்கும் தெரிந்ததால் அவர் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

"டீச்சர்," என்றாள் அக்கா, பாடம் கேட்கிறவள்போல. "காரத்தை எந்தப் பாத்திரத்துல கரைக்கக் கூடாது?"

"அலுமினியத்துல. காரம் அதைச் சும்மா விடாது, அரிச்சுக் கறுக்க வச்சுடும்."

விசிலுக்கு மண்டையில் மணி அடித்தது. பேருந்து மணி, டிங் டிங் என்று இரண்டு தடவை. அக்கா போட்ட தடையெல்லாம் பறந்துவிட்டது.

"குவளை! அக்கா, அந்தக் குவளை! பாதி வரைக்கும் கறுப்பு!"

அவன் ஓடிப்போய்க் கைக்குட்டையால் பிடித்து அதைக் கொண்டுவந்தான். உள்ளே பாதி உயரத்தில் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. அதற்குக் கீழே கறுப்பு, மேலே பளபளப்பு.

"அது... பழைய குவளை," என்றார் மேனேஜர்.

"பழசானா முழுசும் கறுத்திருக்கும். இது எதையோ பாதி ஊத்தி வச்சது. உங்க குளியலறை, உங்க குவளை. சார், குழாய் அடைப்புக்குப் போடற பொடி டப்பாவும் அங்கேயே எங்கேயாவது இருக்கும், தேடச் சொல்லுங்க."

கான்ஸ்டபிள் தேடப் போகத் தேவையே இல்லாமல் போயிற்று. மேனேஜர் டீச்சரைப் பார்த்துக் கத்தினார். "நானும் இதே பாடத்தைப் படிச்சவன்தான்டி! முடிக்க விடாம என்னை இந்த ஆபீஸ்ல உக்கார வச்சது அந்த மனுஷன்! வருஷக்கணக்கா நான் கட்டிக் காத்த இடம், சுவத்துல நாலு அட்டையை ஒட்டினவளுக்குத் தூக்கிக் கொடுப்பாரா?"

"அந்த அட்டையைப் படிச்சுதான் சார் நானே இன்னிக்கு ஆளாயிருக்கேன்," என்றான் விசில்.

மேனேஜரைக் கீழே கொண்டுபோனார்கள். டீச்சருக்காக நின்றிருந்த ஜீப் வீண்போகவில்லை.

*

இன்ஸ்பெக்டர் அறையிலேயே தங்கிவிட்டார். அசடு வழிந்த முகத்தோடு, காலையில் எழுதிய வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார்.

"சரிம்மா, தெரிஞ்சது தப்பில்லை, தெரியாத மாதிரி நடிச்சவன்தான் தப்பு. ஒத்துக்கறேன். இதைக் கிழிச்சுப் போட்டுடலாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

"கிழிக்காதீங்க," என்றாள் டீச்சர்.

இன்ஸ்பெக்டரின் விரல்கள் தாளில் அப்படியே நின்றன. "ஆளே மாட்டிக்கிட்டான். இனிமே ஆசிட்டா இருந்தா என்ன, காரமா இருந்தா என்ன?"

"பெரியவர் தொண்டைக்குள்ள போனது ஒண்ணுதான் சார், ரெண்டு இல்லை. நான் சொன்னதை நம்பித்தான் அந்த டாக்டர் வைத்தியம் பண்ணியிருக்கார். நீங்க நம்பலை. அது பேப்பர்ல தெரியணும். ஆசிட்ங்கறதை ஒரு கோடு போட்டு அடிங்க. கீழே இருக்கறது படிக்கிற மாதிரி அடிங்க. பக்கத்துல சரியானதை எழுதுங்க."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெய்ப்புத் திருத்துகிறவள் கண் கலங்கினால் விசில் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவான். அவனும் வேறு பக்கம் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ஒரு கோடு போட்டார். காலையிலிருந்து அந்த அறையில் எத்தனையோ முறை சொல்லப்பட்ட சொல்லைப் பக்கத்தில் எழுதி, தாளைத் திருப்பி அவள் முன் நகர்த்தினார்.

டீச்சர் முழுவதையும் படித்தாள். முதல் வரியிலிருந்து, ஒரு எழுத்து விடாமல்.

"ம்," என்றாள். "இப்ப கொடுங்க பேனாவை."